திட்டுவதற்கு ஒரு மொழி, கொஞ்சுவதற்கு ஒரு மொழி

(பெற்றோரும் மழலையர் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார்கள். 26 ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தேன் என்பது உண்மை. ‘குழந்தைகளை முழுமையாக அறிந்தவர்’ என்பதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நாலு வயதுக் குழந்தையை முழுமையாக அறிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை.

சென்ற வாரம் மாலையில், பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் வாசற்படியில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தான். இடது காலுக்கு வலது காலணி. நாக்கு நுனி ஒரு ஓரமாக வெளியே வந்திருந்தது. அந்த வயதில் கை ஒரு வேலையில் முழுதாக இறங்கினால் நாக்கும் கூட வரும். அம்மா பக்கத்தில் நின்று கைப்பேசியில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ‘ப்ளீஸ்’, ‘பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்’, ‘தேங்க் யூ’ என்று எல்லாம் பூப்போல. நடுநடுவே கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு மகனிடம் தமிழில், “சீக்கிரம்! எழுந்திரு! எத்தனை தடவை சொல்வது!” கடைசியில் அவரே குனிந்து இரண்டு காலணியையும் மாட்டிவிட்டார். பையனின் இரண்டு கைகளும், வேலை பறிபோன கைகள், கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றன.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பிள்ளைகளுக்கு நானும் அப்படித்தான் மாட்டிவிட்டேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவன் என்னவெல்லாம் கற்றுக்கொண்டான் என்று எண்ணிப் பாருங்கள். தொடங்கிய வேலையை முடிக்க வேண்டியதில்லை, யாராவது வந்து முடித்துவிடுவார்கள். மரியாதையும் பொறுமையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் என்பது அதட்டும் மொழி. இதில் ஒன்றையும் அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை.

பல மொழி புழங்கும் சூழலில் குழந்தைகளின் கற்றல் பழக்கத்தையும் நற்குணத்தையும் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு இவை இரண்டு பொருளாகத் தெரியவில்லை. குழந்தை மொழியைப் பிடித்துக்கொள்கிற அதே வாயிலிருந்துதான் குணத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் எந்த மொழியில் திட்டுகிறீர்கள்? எந்த மொழியில் கொஞ்சுகிறீர்கள்?

ஒருமுறை என் வகுப்புப் பெற்றோரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். கொஞ்சல், அதட்டல், நன்றி, மன்னிப்பு, கதை, விளையாட்டு என்று கட்டங்கள். ஒரு நாள் முழுக்க எது எந்த மொழியில் நடக்கிறது என்று குறித்து வரச் சொன்னேன். ஒரு தந்தை மறுநாள் சங்கடத்தோடு தாளை நீட்டினார். அதட்டல் எல்லாம் தாய்மொழி. நன்றியும் மன்னிப்பும் ஆங்கிலம். கதை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. “என் மகள் ஏன் தாய்மொழியில் பேச மாட்டேன் என்கிறாள் என்று இத்தனை நாள் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன், டீச்சர்” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதட்டல் மட்டும் வரும் கதவை எந்தக் குழந்தை தட்டும்?

இரண்டு மொழி சேர்ந்தால் குழந்தை குழம்பிவிடும் என்ற பயம் இங்கே சிலருக்கு இருக்கும். அது நூறு வயதான பயம். 1923-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டி. ஜே. சேர் என்ற ஆய்வாளர், இருமொழி பேசும் கிராமத்துப் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு இல்லை என்று அவரே கண்டிருந்தாலும், ஊர் முழுக்கப் பரவியது முதல் செய்திதான். 1962-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 10 வயதுப் பிள்ளைகளை, குடும்ப வசதி ஒத்தவர்களாகப் பார்த்து எடுத்து ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள்தான் முன்னே நின்றார்கள். அதற்காக இரண்டு மொழி சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மேதையாகிவிடும் என்று விளம்பரம் செய்பவர்களையும் நான் நம்புவதில்லை. மொழி மொழிக்காகவே போதும்.

குழந்தை “அம்மா, பால் ஸ்பில் ஆகிவிட்டது” என்று சொன்னால் பதற வேண்டாம். ‘ஸ்பில்’ என்ற சொல்லை இரவல் வாங்கி, அதற்குத் தமிழ் வினையைச் சரியாகக் கோர்த்து, சரியான இடத்தில் முடித்திருக்கிறது. இது குழப்பம் இல்லை, சாமர்த்தியம். “ஓ, பால் கொட்டிவிட்டதா? வா, துடைப்போம்” என்று நீங்கள் சொன்னால், ‘கொட்டிவிட்டது’ என்ற சொல்லும் துடைக்கும் பழக்கமும் ஒரே மூச்சில் போய்ச் சேரும். “தமிழில் சொல், ஒழுங்காகச் சொல்” என்று நிறுத்தினால் இரண்டும் போகாது; பாலும் மேசையிலிருந்து தரைக்கு வந்திருக்கும்.

மொழி யாரிடமிருந்து வருகிறது என்பதைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. 2003-இல் பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளை அழைத்து வந்தார்கள். சீனர்களின் மாண்டரின் மொழி பேசுபவர்கள் 12 தடவை அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து படம் காட்டிப் படித்தார்கள், பொம்மை வைத்து விளையாடினார்கள். குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். இன்னொரு குழுவுக்கு ஒலிப்பதிவில். இவர்களிடம் ஒன்றும் ஒட்டவில்லை. ‘மொழி வரட்டும்’ என்று கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போவதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

இப்போது பொறுமைக்கு வருகிறேன். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேரின் புகார், “பிள்ளைக்குப் பொறுமையே இல்லை” என்பது.

ஒருநாள் வகுப்பில் காலத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ‘நேற்று’ என்றால் என்ன என்று கேட்டேன். “தூங்குவதற்கு முன்னால்” என்றாள் ஒருத்தி. அழகான பதில். ‘நாளைக்கு’ என்றால் என்ன? ஒரு பையன் கையைக்கூடத் தூக்கவில்லை, உடனே சொன்னான்: “இல்லை என்று அர்த்தம்.”

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு சிரிக்க முடியவில்லை.

ஒரு குழந்தையின் முன்னால் மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்றை வைத்து, “நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருகிறேன்” என்று சொல்லிப் போகும் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையின் மன உறுதியை அளப்பதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். 2013-இல் வெளிவந்த ஆய்வு. 28 பிள்ளைகள். முதலில் வரைவதற்குப் பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பாதிக்கு வெறுங்கையோடு திரும்பி, “மன்னித்துக்கொள், இல்லையாம்” என்றார்கள். ஸ்டிக்கர் வைத்து இன்னொரு முறையும் அப்படியே. அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் காத்திருந்தது சராசரியாக 3 நிமிடம். கடைசிவரை இருந்தது ஒரே ஒரு பிள்ளை. எனக்கென்னவோ அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

மற்ற 13 பிள்ளைகளுக்கும் மன உறுதி குறைவு என்று யாராவது சொல்வீர்களா? அவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். வராத ஆளுக்காக யார் காத்திருப்பார்கள்? பிள்ளையின் பொறுமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நம்முடைய நாணயம். ‘இதோ வருகிறேன்’ என்று சொன்னால் வர வேண்டும். ‘நாளைக்கு’ என்று சொன்னால் நாளைக்குக் காலையில் நீங்களே ஞாபகப்படுத்த வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவது மேல். குழந்தை அழும், அழட்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறோம். இந்த விஷயத்தில் வளைய வேண்டியது ஐம்பதில் இருப்பவர்கள்தான்.

நட்சத்திர ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுகள் நானே ஒட்டியிருக்கிறேன். புத்தகம் எடுத்தால் ஒன்று, பொம்மையை அடுக்கினால் ஒன்று. பிறகுதான் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஆய்வைப் படித்தேன். படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், “வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவேன்” என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு இல்லாத சாதாரண நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். ஆசையாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. நான் ஸ்டிக்கரை நிறுத்திய முதல் வாரம் வகுப்பில் பெரிய கிளர்ச்சி. மூன்றாவது வாரம் யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கு மட்டும் கை அரித்தது.

பாராட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். பாராட்டுங்கள், பார்த்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். “கோபுரம் இரண்டு தடவை விழுந்தது, நீ மூன்றாவது தடவை பெரிய கட்டையைக் கீழே வைத்தாய்.” இதில் பாராட்டும் இருக்கிறது, ‘கீழே’, ‘மூன்றாவது’ என்ற சொற்களும் இருக்கின்றன. ‘சூப்பர்’ என்பதில் எந்த மொழியும் இல்லை.

கேள்வி கேட்டால் உடனே பதிலை எதிர்பார்க்காதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இரண்டு மொழிப் பெட்டியில் ஒரு சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும். புதிய மொழிக்குள் நுழையும் பிள்ளைகளில் சிலர் மாதக்கணக்கில் பேசவே மாட்டார்கள். ஒரு சிறுமி நான்கு மாதம் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆனால் தண்ணீர்ப் புட்டிகளை உரியவர் இடத்தில் வரிசையாக வைத்துவிடுவாள், ஒன்றுகூடத் தவறாது. ஒருநாள் நான் ஒரு புட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டேன். வேண்டுமென்றே இல்லை, கவனப்பிழை. பின்னாலிருந்து தெளிவான குரல்: “டீச்சர், அது அவனுடையது இல்லை.” நாலு மாதம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளை மேசைமேல் நிறுத்தி ‘சொல்லு, சொல்லு’ என்று கேட்டிருந்தால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. பிள்ளை வீட்டு மொழியிலும் பேசவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், காது கேட்கும் திறனை முதலில் பார்த்துவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டை அடுக்கும் மூலையில் இரண்டு பையன்கள். மூன்றாவதாக ஒருவன் போய் நின்றான். முதல் பையன் நிமிராமலேயே சொன்னான்: “நாங்கள் கட்டுகிறோம்.” வந்தவன் முகம் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லியிருந்தால் ‘வீ’ என்ற ஒரே சொல். அவனும் அதற்குள் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தமிழில் ‘நாங்கள்’ என்றதுமே கதவு சாத்தப்பட்டுவிட்டது. நான்கு வயதில் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது, யாரும் இலக்கணம் நடத்தவில்லை. ‘பகிர்ந்துகொள்ள வேண்டும்’ என்று நாக்கு நுனிவரை வந்த பிரசங்கத்தை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அதையே ‘நாம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்?” என்றேன்.

அவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். நான் மனத்துக்குள் பத்து எண்ணினேன், இருபதும் எண்ணினேன். பிறகு வந்தவனைப் பார்த்து, “சரி, நாம் கட்டுவோம்” என்றான். ஒரு மூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டான்: “ஆனால் உச்சிக் கட்டையை நான்தான் வைப்பேன்.”