எந்தச் சுரத்தில் கலந்தார் தண்ணீர்?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

‘இளையராஜாவால் கர்நாடக இசை வளர்ந்ததா, நீர்த்ததா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தோழர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். “கறந்த பாலில் தண்ணீர் கலந்தவர் இளையராஜா” என்றார். எந்தப் பாட்டில் கலந்தார், எந்தச் சுரத்தில் கலந்தார் என்று சொன்னாரா? சொல்லவில்லை. நான் பாட்டையும் சொல்கிறேன், சுரத்தையும் சொல்கிறேன்.

1985-இல் வந்த ‘சிந்து பைரவி’ படம். கதாநாயகன் ஜே.கே.பி. பெரிய வித்வான். மேடையில் தெலுங்குக் கீர்த்தனை. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் பாடக் கூடாதா என்கிறாள். நீயே வந்து பாடு என்கிறார் வித்வான். வந்தாள். எதைப் பாடினாள்? ‘பாடறியேன் படிப்பறியேன்.’ வயக்காட்டுப் பாட்டுங்க! அந்த மேடையில், அந்த வித்வான் முன்னால்! பாட்டு போகப் போக சுரங்கள் விழுகின்றன. சுரம் முடிகிற இடத்தில் பார்த்தால், தியாகராஜ சுவாமிகளின் ‘மரி மரி நின்னே’ பாடிக்கொண்டிருக்கிறாள். எப்போது கிராமத்தை விட்டாள், எப்போது தியாகராஜரின் திருவையாற்றுக்கு வந்தாள், யாருக்காவது தெரிந்ததா?

இந்த இடத்தை நான் லேசில் விடமாட்டேன். அந்தக் கீர்த்தனை காம்போஜி ராகம். ச ரி க ம ப த நி-யில் ‘க’ காந்தாரம், ‘த’ தைவதம். இவற்றில் உயர்ந்த வகையும் உண்டு, தாழ்ந்த வகையும் உண்டு. காம்போஜிக்கு உயர்ந்த வகை: அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம். இந்த நாட்டுப்புற மெட்டோ தாழ்ந்த வகை: சாதாரண காந்தாரம், சுத்த தைவதம். இதிலிருந்து நேரே காம்போஜிக்குத் தாவினால் இரண்டு சுரமும் ஒருசேர மாறும். ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் ராஜா சார் கீர்த்தனையைச் சாரமதிக்குக் கொண்டுவந்தார். சாரமதி, இருபதாவது மேளமான, அதாவது தாய் ராகமான, நடபைரவியின் ஜன்யம், அதிலிருந்து பிறந்த ராகம். நாட்டுப்பாட்டின் அதே காந்தாரம், அதே தைவதம். ஏறும்போது ஏழு சுரமும் உண்டு, நாட்டுப்பாட்டு தாராளமாக உலவலாம். இறங்கும்போது ச நி த ம க ச. பஞ்சமமும் (ப) ரிஷபமும் (ரி) கிடையாது. அந்தத் தைவதத்திலிருந்து மத்யமத்துக்கு (ம) இறங்குகிற இடத்தில் சாரமதி முகம் காட்டிவிடும்.

தியாகராஜர் கீர்த்தனைக்கு ராகத்தை மாற்றலாமா என்று கேட்பீர்கள். ஐயா, சாரமதி என்றதும் நம் நினைவுக்கு வருவதே அதே தியாகராஜரின் ‘மோக்ஷமு கலதா’ தானே! அவர் கையாண்ட ராகத்தைத்தான் அவர் சாகித்தியத்துக்கு, அவர் பாட்டு வரிகளுக்கு, ராஜா சார் கொடுத்தார்.

அதே படத்தில் ‘கலைவாணியே’. கல்யாணி ராகம், ஆரோகணம் மட்டும், அதாவது ஏறுவரிசை மட்டும். மேலே போன பாட்டு படிப்படியாக இறங்கக் கூடாது. கீழே ஒரு சுரத்தைப் பிடித்து மறுபடி ஏற வேண்டும். பழக்கதோஷத்தில் பாடகர் வாயில் ஒரு நி-த-ப விழுந்தால் போதும், மொத்தமும் போச்சு. பத்து பேர் கூடுதலாகக் கேட்கட்டும் என்று எளிமைப்படுத்துகிறவர் தனக்குத்தானே இப்படி ஒரு விலங்கு பூட்டிக்கொள்வாரா? மறு வருஷம், 1986-இல், ‘ஹௌ டு நேம் இட்’ என்று ஓர் இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும், மேற்கத்திய இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் சேர்த்துக் காணிக்கை. நேரமில்லை, அதைத் தோழரே கேட்டுக்கொள்ளட்டும்.

‘சிந்து பைரவி’க்கு இசையமைத்தவருக்கும் தேசிய விருது, ‘பாடறியேன்’ பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது. விருதெல்லாம் இருக்கட்டும். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறிய மனிதர் அவர். எந்த ஜனங்கள் நடுவில் ஆர்மோனியம் வாசித்தாரோ, அந்த ஜனங்கள் வீட்டுக்குத் தியாகராஜரைக் கூட்டிக்கொண்டு போனார். சபா வாசல்படி மிதிக்காத எத்தனை தாய்மார்கள் அடுப்படியில் ‘மரி மரி நின்னே’ முணுமுணுத்தார்கள்! ராகம் தெரியாது, அர்த்தம் தெரியாது, தொண்டை அடைத்தது மட்டும் தெரியும். எதிரணித் தோழரே, உங்கள் அம்மாவும் பாடியிருப்பார்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நடுவர் அவர்களே, அந்தத் தாய்மார்கள் சார்பில் தீர்ப்பு கேட்கிறேன். நன்றி, வணக்கம்.