புத்தகம் வந்த பிறகு வந்தவர்கள்

வணக்கம். எங்கள் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய புத்தகம் வெளிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எப்படி எழுதினீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், இங்கே என்னை அழைத்ததும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் எழுதியதைவிட அது வெளிவந்த பிறகு நடந்தவைதான் என் மனதில் நிற்கின்றன. அதையே சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் என் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தேன். பதிப்பாளர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. நல்லவேளை.

முதல் அழைப்பு பாராட்டு இல்லை. பெரியப்பா மகன். "எங்கப்பா பட்ட கடனை எல்லாருக்கும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கடனைப் பற்றி நான் எழுதியது ஒன்றரைப் பக்கம், எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் சம்மதித்தால்தான் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றி நாலு பேர் படிக்கப்போவதை, அந்த நாலு பேரில் ஒருவராக அவரும் படித்துத் தெரிந்துகொண்டார் பாருங்கள், அது தப்பு, என் தப்பு. மூன்று மாதம் கழித்து நேரில் போனேன். புத்தகத்தைப் பற்றி இருவரும் பேச்சே எடுக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தக் கடனை அடைக்க எங்கம்மா என்ன பாடு பட்டாள் தெரியுமா, அதையும் எழுதியிருக்கலாமே" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அடுத்தவர் உறவுக்காரரே இல்லை. பாட்டி வீட்டில் முப்பது வருடம் வேலை பார்த்த அம்மாவின் மகன். "வளர்த்த நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறீர்கள், எங்கம்மாவுக்கு எழுதவில்லை." அவ்வளவுதான் சொன்னார், குரலில் கோபம்கூட இல்லை. எடுத்துப் பார்த்தேன். ஆறு இடங்களில் வருகிறார், ஆறிலும் வேலைக்காரம்மா. அவர் பெயர் எனக்குத் தெரியாதா என்ன, ஏழு வயது வரை அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். இப்போதெல்லாம் தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட்டுக்கொள்ளலாம், கோப்பில் திருத்தினால் அடுத்து அச்சாகும் பிரதியிலேயே வந்துவிடும். பெயரைச் சேர்த்தேன். அந்த மகனோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டு எழுதிய நான்கு பக்கங்களையும் சேர்த்து முதல் பிரதியை அவரிடமே கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்கும் எங்களுக்கும் பகை ஒன்றும் இருந்ததில்லை, ஒரு தலைமுறையாகப் பேச்சு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். இப்போது பேசுகிறோம்.

அப்புறம், நீங்கள் எழுதியது தப்பு, அப்படி நடக்கவே இல்லை என்ற அழைப்புகள். ஆரம்பத்தில் வாதாடினேன். பிறகு பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். புரியாத இடங்கள் உதிர்ந்துபோயின, மற்றவை அவரவருக்குப் பழகியபடி மாறின, பழங்குடிகளின் சிறு தோணி சாதாரணப் படகாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, நினைவு என்பதே அப்படித்தான் வேலை செய்கிறது. அதைப் படித்த பிறகு வாதாடுவதை விட்டுவிட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

அந்த நோட்டுக்கு வந்ததுதான் சின்னத் தாத்தாவின் கதை. பாகப்பிரிவினையில் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர் அவருடைய தம்பி, அதற்குப் பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அவருடைய மகன் வழிப் பேத்தி கூப்பிட்டாள், முறைக்கு எனக்குத் தங்கை, அதுவரை இருப்பதே தெரியாது. "அண்ணா, திரும்பிப் பார்க்கலைன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்ட ஏழு கடிதம் இருக்கு" என்றாள். ஏழும் தாத்தாவின் முகவரிக்குப் போய், வாங்க மறுத்ததாகக் குறிக்கப்பட்டுத் திரும்பி வந்தவை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. எழுதியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், பிரிக்க வேண்டிய தேவை இல்லை. யாருக்கு எழுதினாரோ அவர் தொடவே இல்லை.

பிரிக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் இன்று இருப்பது என் அத்தை மட்டும்தான், வயது 83, அவருடைய சித்தப்பா வீட்டை விட்டுப் போனபோது 12. அத்தை முன்னால் உட்கார்ந்துதான் முதல் உறையைப் பிரித்தோம். பாகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சின்னவளுக்குக் காது வலி நின்றதா, மருந்தை விடாமல் போடுகிறீர்களா என்று கேட்டிருந்தார். அத்தை வலது காதைத் தொட்டுக்கொண்டார். "என்னை மறந்துட்டாருன்னு நினைச்சிருந்தேன்டா" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை, வெகுநேரம்.

அப்புறம் பேசினார் பாருங்கள். புத்தகத்துக்காக நான் அவரிடம் கேட்டதெல்லாம் யாருக்கு எந்த வருடம் கல்யாணம், எப்போது வீடு மாறினீர்கள் என்பது மாதிரி. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வரும் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கப்போகிறவர்கள் தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள், வருடத்தைக் கேட்காதீர்கள், அந்த வயதில் உன்னோடு யார் விளையாடினார்கள், யார் மேல் பிரியம் என்று கேளுங்கள். அன்று சித்தப்பாவின் நடை, இருமல், அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த தெரு என்று அத்தை சொன்னதில் ஒன்றுகூட என் புத்தகத்தில் இல்லை.

மூன்று உறைகளோடு அத்தை போதும் என்றுவிட்டார். வாரத்துக்கு ஒன்றாகப் படி, சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று தங்கையிடம் சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உரக்கப் படிக்கிறாள். பெரியப்பா மகனும் போன வாரம் வந்து உட்கார்ந்திருந்தார்.

இன்னும் இரண்டு உறைகள் பிரிக்காமல் இருக்கின்றன.