இறக்கத்துக்கும் பயிற்சி எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் ஜோகூரில் தங்காக் பக்கம் இருக்கும் குனுங் லேடாங் மலைக்கு வார இறுதியில் போய்வர நம்மவர்கள் பலர் குழு சேர்க்கிறார்கள். அதன் உயரம் 1,276 மீட்டர். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். லேடாங்கில் ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் அதற்கு எடுக்கும் பயிற்சியில் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புளோக் படிகளில் பன்னிரண்டாம் மாடிவரை மூச்சு வாங்க ஏறுவார்கள். பிறகு மின்தூக்கியில் கீழே வந்து அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். இதில் நெஞ்சு பழகும், தொடை பழகாது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். பழகாத தசை அதில் நுண்ணிதாகக் கிழிகிறது. கடும் வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வரும். மலையில் முதலில் தெரிவது முழங்கால் நடுக்கம். அந்தக் காலோடு ஈரமான வேரை மிதித்தால் கணுக்கால் பிசகும்.

அதனால் படிகளில் நடந்தே இறங்குங்கள். பன்னிரண்டு மாடி என்பது ஏறக்குறைய 30 மீட்டர். முதல் வாரம் ஐந்து தடவை போதும். ஆறு வாரத்தில் இருபது தடவைக்கு, அதாவது 600 மீட்டருக்கு வந்துவிடலாம். கடைசி இரண்டு வாரம் முதுகுப்பையில் ஐந்து கிலோ வையுங்கள். கடைசிக் கடும் பயிற்சிக்குப் பிறகு ஐந்து நாளாவது ஓய்வு வேண்டும்.

அடுத்தது காலணி. அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்த மலையேற்றக் காலணி பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். நடு அடிப்பாகம் பாலியூரித்தேனாக இருந்தால் நம் ஊர் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகிறது. மலையில் பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று விழும். போவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் நடந்து பாருங்கள். அகலமான ஒட்டு நாடா கொஞ்சம் பையில் இருக்கட்டும். கால் நகங்களை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல்நுனி முன்பக்கம் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும்.

லேடாங்கில் ஏணிகளும் கயிறு பிடித்து ஏறும் பாறைகளும் உண்டு. இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி, முகம் உள்பக்கம் இருக்க இறங்குங்கள். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கயிறு சமநிலைக்கு மட்டும், எடை காலில் இருக்க வேண்டும். இந்த இடங்களில் வரிசை நிற்கும் என்பதால், ஏறிய நேரத்தில் பாதியில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏறிய அளவு நேரத்தையே இறங்கவும் ஒதுக்குங்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் ஒரு மணிக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. சூரியன் மறைவது ஏழு மணியளவில் என்றாலும் மரங்களுக்கடியில் அதற்கு வெகுமுன்பே இருட்டிவிடும். பிற்பகல் இடிமழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். கைத்தொலைபேசி வெளிச்சம் போதாது, கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே!

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வியர்வையில் உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது, வெயிலில் சீக்கிரம் கெடாது. கடைசி ஒரு லிட்டரை இறக்கத்துக்கென்று தனியாக வைத்துவிடுங்கள்.

தங்காக்கிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதோடு சோதனைச்சாவடி நெரிசல். நாள் முழுக்க மலையில் நடந்தவர் இரவில் வண்டி ஓட்டக்கூடாது, கண் சொருகிவிடும். மலை ஏறாத ஓர் ஓட்டுநரோடு வேன் பேசிக்கொள்ளுங்கள். அந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.