இரண்டாவது இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம்.

பெருநகரத்தை விட்டுவிட்டு நடுத்தர நகரம் ஒன்றுக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். ஏற்கெனவே போனவர்களும் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

எவ்வளவு பெரிய ஊரைப் பற்றிப் பேசுகிறோம்? பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்துள்ள பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கில், 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை வாழும் நகர்ப்பகுதி நடுத்தரமானது. சீனாவில் 2014-இல் வகுத்த விதிப்படி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஆனால் அங்கே போய் வாழ்கிறவரின் அனுபவம் அவ்வளவாக மாறுவதில்லை. இன்னொன்று. உலகமே பெருநகரங்களில்தான் அடைந்து கிடக்கிறது என்று நினைக்கிறோம். ஐ.நா. 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒரு கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநகரங்களில் வாழ்கிறவர்கள் எட்டில் ஒருவர்தான்.

சரி, போனால் என்ன கிடைக்கும்? எல்லோரும் முதலில் சொல்வது நேரம். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடுவது சராசரியாக ஒரு மணி நேரம். வாகனம் வேகமானால் போகும் தூரம் கூடுகிறதே தவிர, நேரம் குறைவதில்லை என்பது அவர் வாதம். அது சராசரி. பெருநகரத்தின் ஓரத்தில் வீடும் நடுவில் வேலையுமாக இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போகும்போதே தீர்ந்துவிடும். திரும்பி வருவது தனிக்கணக்கு.

ஆனால் மிச்சமாகும் நேரத்தைவிடப் பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது. நாளின் நடுவில் ஒரு வேலையைச் செருக முடியும். பிள்ளை பள்ளிக்கு நோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டால், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குள் அலுவலகம் திரும்பிவிடலாம். மாலை ஆறு மணிக்கு நண்பர் 'வாயேன்' என்று கூப்பிட்டால் ஆறரைக்குள் அவர் வீட்டு வாசலில் நிற்கலாம். பெருநகரத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே நாள் குறிக்க வேண்டும், அதுவும் பாதி நேரம் தள்ளிப்போகும். திட்டம் போடாமலே மனிதர்களைப் பார்ப்பது உடம்புக்கும் மனதுக்கும் என்ன செய்யும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

வண்டி ஓட்டாதவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பல ஊர்களில் அது மிகச் சீக்கிரம் போய்விடுகிறது. அதே சமயம், இந்த அளவு ஊர் மனம் வைத்தால் சட்டென்று மாறவும் முடியும். நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977-இல் நகரின் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தது. ஸ்பெயினின் பொன்தெவேத்ரா 1999-இலிருந்து பழைய நகரப் பகுதியில் கார்களை விலக்கி நடப்பவர்களுக்கு இடம் விட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நடுத்தர நகரத்தில் எல்லாம் இருக்கும். மருத்துவமனை, கல்லூரி, நீதிமன்றம், அரங்கம், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும். ஆனால் பலவும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இடம் பார்க்கப் போகிறவர்கள் 'அது இருக்கிறதா, இது இருக்கிறதா' என்று சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாவது இருக்கிறதா என்பது.

இதன் காரணத்தை ஜெர்மானியப் புவியியலாளர் வால்ட்டர் கிறிஸ்டாலர் 1933-இலேயே விளக்கினார். ஒவ்வொரு சேவையும் தாக்குப்பிடிக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் தேவை. சலூனுக்குச் சில நூறு பேர் போதும். குழந்தைகளின் நரம்பு நோய்களை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு லட்சக்கணக்கானோர் வேண்டும். ஆகவே உங்கள் தேவை எவ்வளவு அரிதோ, அந்த அளவுக்கு அந்த ஊரில் 'ஒன்றுதான்' அல்லது 'இல்லை' என்ற பதில் வரும். அந்த ஒரு மருத்துவரிடம் உங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால்? அவர் ஊர் மாறிப்போய்விட்டால்? நீண்டகால நோயாளி ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும். வீட்டு வாடகை குறைவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையும் அப்படித்தான். ஊர் பெரிதாகும்போது தலைக்குக் கிடைக்கும் வருமானமும் கூடுகிறது என்று லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2007-இல் காட்டியது. மக்கள்தொகை இரட்டிப்பானால் அது ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுகிறது. குற்றமும் கூடவே ஏறுகிறது. சம்பளம் சற்றுக் குறைந்தாலும் செலவு குறைவதால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேலை போகும் நாள். அமெரிக்காவின் ரோச்சஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே கோடக் நிறுவனத்தில் மட்டும் சுமார் 60,000 பேர் வேலை பார்த்தார்கள். நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்களே 2.4 லட்சம் பேர்தான். டிஜிட்டல் கேமரா வந்தது, ஃபிலிம் போனது, 2012-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும் இருந்ததால் ஊர் எழுந்து நின்றது. நெதர்லாந்தின் ஐந்தோவன் இன்னொரு உதாரணம். 1993-இல் அங்கே டாஃப் லாரி நிறுவனம் திவாலானது. ஃபிலிப்ஸ் தன் தலைமையகத்தை 1990-களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் பக்கத்திலேயே 1984-இல் தொடங்கிய, சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் இருந்தது. இரண்டு ஊர்களையும் தாங்கியது அந்த இரண்டாவதுதான்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பத்தில் இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்தது என்று போய், மற்றவர் தன் துறையில் ஒரு நிறுவனம்கூட இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ குடும்பங்களில் பார்க்கிறோம். பெரும்பாலும் அந்த மற்றவர் மனைவிதான். இதைப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது நியாயமில்லை. பெட்டி கட்டுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது.

அப்புறம் மனிதர்கள். பெருநகரத்தில் மேலாளர் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் வேறு, மகளின் தோழியுடைய அப்பா வேறு. இங்கே மூவரும் ஒருவராகவே இருப்பார். அவரோடு சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டால், மறுநாள் பள்ளி வாசலில் அவரைப் பார்க்க வேண்டும். இது சிலருக்கு மூச்சு முட்டும். தனித்துவமாக வாழ நினைக்கும் இளைஞர்களுக்கும், மணமுறிவுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் கூடுதலாகவே முட்டும். அவர்கள் பெருநகரத்தைத் தேடிப் போவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே காரணத்தால்தான் இந்த ஊர்களில் ஆட்கள் பேச்சில் நிதானம் காட்டுகிறார்கள், கடையில் ஒரு பொருள் சரியில்லை என்றால் மாற்றித் தருகிறார்கள். நாளைக்கும் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே.

புதிதாக வந்தவருக்கு முதல் வருடம் கடினம். உள்ளூர்க்காரர்கள் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருப்பார்கள். சிரித்துப் பேசுவார்கள், வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். இதற்கு நான் கண்ட வழி ஒன்றே: ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து வாரம் தவறாமல் போவது. சதுரங்கமோ, பாட்டோ, ரத்ததான முகாமோ எதுவானாலும் சரி. பெருநகரத்தில் அந்தக் குழுவுக்கு நீங்கள் நூற்றில் ஒருவர். இங்கே அவர்களுக்கு ஏற்கெனவே ஆள் போதவில்லை. இரண்டு வாரம் போகாவிட்டால் 'என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?' என்று போன் வரும்.

கடைசியாக, வீட்டைப் பற்றி. விலை மலிவாக இருக்கிறதே என்று போன உடனே வாங்கிவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். வாங்குவது சுலபம்; விற்க நினைக்கும்போதுதான் வாங்க வருபவர்கள் எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம். போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் முதலில் பேசட்டும். எதனால் திரும்பினீர்கள் என்பதை நாங்கள் எல்லோரும் கேட்க வேண்டும்.