அப்புறம் என்ன ஆச்சு?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் இருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சின்னக் குழந்தைகளிடம் அன்பு வளர்வது அவர்கள் செய்யும் உதவிக்குப் பரிசு கொடுப்பதாலா, அந்த உதவி எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டுவதாலா? இதுதான் இன்றைய தலைப்பு. காட்டுவதால்தான் என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுங்கள், குழந்தை மறுபடியும் உதவும். செய்யச் செய்யப் பழக்கமாகிவிடும்." அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்: "குளத்தில் கல்லைப் போட்டால் அலை விரிவது கண்ணுக்குத் தெரியும். அன்பு விரிவது தெரியுமா? நாலு வயதுக் குழந்தைக்கு அது எப்படிப் புரியும்?" நல்ல கேள்வி. அதற்கும் வருகிறேன்.

முதலில் ஸ்டிக்கர். அந்த வழியில் நானும் போயிருக்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது சுவரில் ஓர் அட்டை ஒட்டினேன். தம்பிக்கு உதவினால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பொம்மை. ஒரு வாரம் வீடு அவ்வளவு அழகாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் தம்பியின் செருப்பைக் காணோம். அவன் அழுகிறான். இவள் நேராகக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து எடுத்து வந்தாள். அவன் கையில் கொடுத்த உடனே அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஒளித்து வைத்ததும் அவள்தான்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன், நடுவர் அவர்களே. தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய கண்களை அட்டையின் பக்கம் திருப்பி வைத்தது நான்.

உதவும் எண்ணத்தைக் குழந்தைக்குள் நாம்தான் பரிசு கொடுத்து ஊட்ட வேண்டும் என்று எதிரணி நினைக்கிறது. அது அவர்களிடம் முன்பே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். முன்பின் தெரியாத ஒருவர் துணிமாட்டும் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிப்பார். கை நிறையப் புத்தகங்களோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்கவில்லை, யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் 22 குழந்தைகள் ஒரு முறையாவது எழுந்து போய் உதவினார்கள். சரியாகப் பேசக்கூட வராத வயது அது!

இரண்டு வருடம் கழித்து, 2008-இல், அதே இருவர் பரிசையும் சோதித்துப் பார்த்தார்கள். இருபது மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவிய ஒவ்வொரு முறையும் விளையாட ஒரு பொருள் கிடைத்தது. சிலருக்குப் பாராட்டு மட்டும், சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு பரிசு நின்றது. அப்போது குறைவாக உதவியவர்கள் யார்? பொருள் வாங்கிப் பழகியவர்கள்தான். பாராட்டு கெடுதல் செய்யவில்லை. அதனால் "நல்லா செஞ்சடா கண்ணா" என்று சொல்லாதீர்கள் என நான் சொல்ல வரவில்லை. விலை வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொடுப்பதில் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு சுகம் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2012-இல் கனடாவில் நடந்த ஆய்வு அது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள், தங்களுக்குத் தின்பண்டம் கிடைத்தபோது காட்டியதைவிட அதிக மகிழ்ச்சியை ஒரு பொம்மைக்கு அதைக் கொடுத்தபோது முகத்தில் காட்டினார்கள். அதிலும் தன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. இந்த மலர்ச்சிக்கு மேல் எந்த ஸ்டிக்கரை ஒட்டப் போகிறோம்?

சரி, அலைக்கு வருகிறேன். நாலு வயதுக் குழந்தைக்கு அது புரியுமா?

கதை சொல்லிப் பாருங்கள். ஒரு வரி சொல்லி நிறுத்தினால் போதும், "அப்புறம்?" என்று கேட்கும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று நம்மை விடாமல் துரத்தும். அலை என்பது அந்த அப்புறம்தான். நீ கொடுத்தாய், அவன் சிரித்தான், அப்புறம்? அந்த வயதுக்கு இரண்டு மூன்று அப்புறம் போதும், ஊர் உலகம் வரை இழுக்க வேண்டாம்.

பெரியவர்களிடமும் அலை அவ்வளவு தூரம் போகிறது. ஃபவுலர், கிறிஸ்டாகிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு விளையாட்டுச் சோதனையை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முன்பின் அறியாத புதுக் குழு. ஒருவர் தாராளமாக நடந்துகொண்டதன் பாதிப்பு மூன்று பேர் தள்ளி இருந்தவர் வரை தெரிந்தது. கொடுத்தவரை அந்த மூன்றாமவர் சந்தித்ததே இல்லை, அவருக்குத் திருப்பிச் செய்ய வழியும் இல்லை.

இங்கே நம் அணியின் பக்கம் நிற்கும் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நீ செய்தால் உனக்குத் திரும்பி வரும்" என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். அதுவும் ஸ்டிக்கர்தான், தாமதமாக வரும் ஸ்டிக்கர். சில நாள் அலையே எழாது. "நான் குடுத்தேன், அவன் தேங்க்ஸ்கூட சொல்லலை" என்று முகம் வாடி வரும். இட்டுக்கட்டி ஒரு நல்ல முடிவு சொல்லாமல், "ஆமாம், வருத்தமாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் பின்னோக்கிக் கேளுங்கள்: "இன்னிக்கு உனக்கு யார் என்ன செஞ்சாங்க?" யாரோ கிளப்பிய அலை தன்மேலும் வந்து பட்டிருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிவது அங்கேதான்.

எங்கள் வீட்டில் அட்டையைக் கழற்றியபோது மகள் அழுதாள். மறுபடியும் அவளாக ஒன்று செய்ய நாளானது. ஒரு ராத்திரி படுக்கையில் சொன்னாள், வகுப்பில் ஒரு பையனின் கிரேயான் எல்லாம் கொட்டிவிட்டதாம், இவள் பொறுக்கிக் கொடுத்தாளாம்.

"அப்புறம்?"

"அழுகையை நிறுத்திட்டான்."

"அப்புறம்?"

"பக்கத்துல இருந்த பாப்பாவுக்கு நீலக் கலர் குடுத்தான்."

"அப்புறம்?"

"தெரியலைம்மா. மணி அடிச்சுட்டாங்க."

அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். மறுநாள் சாயந்திரம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே கூப்பிட்டாள்:

"அம்மா, அந்தப் பாப்பாகிட்டயே கேட்டேன்! அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?"

நன்றி, வணக்கம்.