முற்றத்து வட்டத்துக்கு எத்தனை கியூப் மணல்?

வணக்கம், நேயர்களே.

மாரி வரப்போகிறது. திருகோணமலையில் இந்த நாட்களில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கேற்றடியில் ஒரு மணல் கும்பி கிடக்கும். முற்றத்தில் வெள்ளம் நிற்காமல் உயர்த்தத்தான்.

போன வருடம் உப்புவெளியில் என் தங்கச்சி வீட்டு வாசலில் ஆறு கியூபுக்கு மேல் மணல் இறங்கியது. வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாக அரை அடிக்கு நிரப்ப வேண்டும். மருமகன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான்.

"மாமா, குறுக்கே 20 அடி. 20 தர 20 தர 3.14. அதில பாதி 628 கன அடி. சரிதானே?"

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அவன் போட்டது விட்டம். போட வேண்டியது ஆரை. 10 தர 10 தர 3.14 என்றால் 314 சதுர அடி. அரை அடிக்கு 157 கன அடி. இலங்கையில் நாங்கள் வாங்கும் ஒரு கியூப் 100 கன அடி. அதாவது ஒன்றரைக் கியூபுக்குச் சற்றுக் கூட. மிச்சத்தில் பெரும்பகுதி மழையோடு கானுக்குள் போனது. தங்கச்சி சீட்டுக் கட்டி எடுத்த காசு அது. எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

விட்டத்தை ஆரையாக எடுத்தால் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு வரும். ரொட்டி சுடுகிறவர்களுக்கு இது தெரியும். 12 அங்குல ரொட்டி ஒன்றுக்குப் பிசைந்த மா, அதே தடிப்பில் 6 அங்குல ரொட்டி நாலுக்குக் காணும்.

நடுவில் மரம் நிற்கும்போது குறுக்கே அளப்பது கஷ்டம். வட்டத்தின் ஓரமாகக் கயிறு போட்டு அளந்து, வந்த நீளத்தை 3.14 ஆல் பிரியுங்கள், விட்டம் கிடைக்கும். பிறகு சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பளவு. வட்டத்தரையை விட்டத்தரையால் தாக்கினால் (பெருக்கினால்) குழி, அதாவது பரப்பளவு, என்று பழைய தமிழ்க் கணக்கிலேயே இது உண்டு.

மரத்தடியில் குறுக்கே 6 அடி வட்டக் கட்டு இருந்தால் அதன் பரப்பைத் தனியாகக் கண்டு கழிக்க வேண்டும். 3 தர 3 தர 3.14, ஏறக்குறைய 28. மிச்சம் 286 சதுர அடி. அரை அடிக்கு 143 கன அடி. விட்டத்திலேயே ஆறைக் கழித்து 14 அடி வட்டம் என்று போட்டுவிடாதீர்கள். அது 154 சதுர அடிதான். முற்றத்தில் பாதி பள்ளமாகவே கிடக்கும்.

ஆழத்தையும் ஒரே இடத்தில் பார்க்கக் கூடாது. மையத்துக்கும் ஓரத்துக்கும் சரிநடுவே ஒரு வட்டம் கீறினால் அதற்கு வெளியே முக்கால்வாசி நிலம் இருக்கும். ஆகவே ஓரப் பக்கமாகக் கூடுதல் இடங்களில் குச்சி ஊன்றி அளந்து சராசரி எடுங்கள்.

இன்னொன்று, ஆற்று மணல் ஈரத்தோடுதான் வரும். மணிகளைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால் மணல் உப்பி நிற்கும், பிறகு இறங்கிப் படியும். நான் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தான் சொல்வேன். 143 என்பது 172 ஆகும். ஒன்றே முக்கால் கியூப் கேளுங்கள்.

டிப்பர் வந்ததும் இறக்க முதல் பெட்டியை அளவுங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி என்றால், ஒன்றே முக்கால் கியூபுக்கு, மட்டமாக்கிய மணல் 2 அடி 11 அங்குலம் நிற்க வேண்டும்.