தோல்கன்னு, ஊசி, "அன்பு ஹார்மோன்": மூணுக்கும் என்ன சம்பந்தம்?

[திரையில்: விடிகாலை, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொழுவம்]

வணக்கம் மக்களே! இந்தப் பசு நக்கிக்கிட்டு இருக்கிறது உயிருள்ள கன்னை இல்ல. செத்த கன்னோட தோலை உரிச்சு, உப்புப் போட்டுக் காயவச்சு, வைக்கோல் திணிச்சுத் தச்ச தோல்கன்னு. பாருங்க, நக்க நக்க மடி விம்முது, காம்பு புடைக்குது. சுரப்பு விட்டுருச்சு! அந்தச் சுரப்பை இறக்குறது ஆக்சிடோசின். பத்திரிகைகள்ல "அன்பு ஹார்மோன்"னு எழுதுறாங்களே, அதேதான்.

வரலாறு சுருக்கமா: 1906-ல ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல் இது கருப்பையைச் சுருங்க வைக்கிறதைக் கண்டார். 1953-ல அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் து விக்னோ இதை ஆய்வுக்கூடத்துல செஞ்சார், 1955-ல நோபல்.

தொழுவத்துக்கே வருவோம், விஷயம் இங்கதான் இருக்கு. காம்பைத் தொட்டதும் சேதி மூளைக்குப் போய், ஹார்மோன் ரத்தத்துல இறங்கி, மடிக்குள்ள பால் இருக்கிற சின்னச் சின்னப் பைகளைப் பிழியும். இதுக்கு ஒரு நிமிஷம் வேணும். எருமைக்கு இன்னும் கூட ஆகும். ஹார்மோனோட வேகம் சில நிமிஷத்துல தணிஞ்சிரும். அதனால வெதுவெதுப்பான தண்ணியில மடியைக் கழுவித் துடைங்க. முதல் ரெண்டு மூணு பீச்சைத் தனிக் கிண்ணத்துல விட்டு, திரி திரியா வருதான்னு பாருங்க, வந்தா மடிநோய். அப்புறம் முழுக் கையால பிடிச்சு ஏழு நிமிஷத்துக்குள்ள கறந்து முடிங்க. நடுவுல நாய் குரைச்சாலோ, மாட்டை அடிச்சாலோ, பயத்துல ஊறுற அட்ரினலின் ஏறி, மாடு பாலை அடக்கிக்கிடும்.

இந்தப் பொறுமை இல்லாதவங்கதான் ஆக்சிடோசின் ஊசியை எடுக்குறாங்க. தினம் போட்டா மாடு தானாச் சுரக்குறதே குறைஞ்சு, ஊசி இல்லாம பால் இறங்காதுங்கிற நிலைமைக்கு வந்துரும். கருப்பையும் தேவையில்லாம இறுகும். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-வது பிரிவுல, மாட்டைப் பாதிக்கிற மாதிரி பாலுக்காக ஊசி போடுறது குற்றம். "அந்தப் பாலைக் குடிச்சா பொம்பளப் பிள்ளைக சீக்கிரம் வயசுக்கு வந்துரும்"னு வாட்ஸ்அப்ல சுத்துறதுக்கு ஆதாரம் இல்ல. ஆக்சிடோசின் புரத வகை, வயித்துல செரிச்சிரும். அடிபடுறது மாடுதான்.

அப்ப மொத்தமாத் தடை பண்ணிரலாமா? 2018-ல மத்திய அரசு தனியார் தயாரிப்பை நிறுத்தச் சொல்லுச்சு. அந்த டிசம்பர்லயே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. நியாயம்தான்! பிள்ளை பிறந்ததும் தாய்க்குத் தசையில போடுற 10 யூனிட் ஆக்சிடோசின்தான் ரத்தப்போக்கைத் தடுக்குது. அதையும் 2-லருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். மதுரை வெயில்ல மேசையில கிடந்தா வீரியம் போயிரும், போனது கண்ணுக்கும் தெரியாது.

மனுசங்க கதை? 2005-ல மூக்குல 24 யூனிட் ஆக்சிடோசின் ஸ்ப்ரே அடிச்சா முன்பின் தெரியாதவங்களையும் நம்புறாங்கன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. 2020-ல பெரிய அளவுல திரும்பச் செஞ்சப்ப அந்தப் பலன் கிடைக்கல. 2011-ல நெதர்லாந்து ஆய்வு, ஆக்சிடோசின் 'நம்ம ஆளு, வெளி ஆளு'ங்கிற பேதத்தைக் கூட்டுதுன்னு சொல்லுச்சு. ஆன்லைன்ல விக்கிற "நம்பிக்கை ஸ்ப்ரே"க்குக் காசு கொடுக்காதீங்க. ஒருவேளை வேலை செஞ்சாலும், அடுத்தவங்க சம்மதமில்லாம அவங்க மனசை இளக்குறது மோசடி.

தோல்கன்னும் ஏமாத்துதானேன்னு கேட்பீங்க. ஆமா. ஊசியை விட மேல், ஆனா தாயோட பாசத்தை வச்சுத்தானே பாலை வாங்குறோம்? கன்னு செத்தா, மாட்டுக்கு முன்னாடி தவிடு புண்ணாக்கு வைங்க, ஒரே ஆள், ஒரே நேரம், ரெண்டு நிமிஷம் மடியை நீவி விடுங்க. நிறைய மாடு இதுக்கே பழகிரும். உங்க ஊர்ல தோல்கன்னுக்கு என்ன பேரு? கமெண்ட்ல எழுதுங்க.